பனைநாட்டுக் கடற்கரையும் அதன் பானங்களும்

சித்திரை பிறந்தவுடன் கொரட்டூர் இரயில் நிலையத்தருகே மிதிவண்டியில் பானையைக் கட்டிக்கொண்டு பதநீர் விற்பவர் வந்து நிற்பதை நம் அங்கத்தினர் பலரும் கண்டிருப்பர். பனையோலையைப் பட்டையாக மடித்து அதில் ஊற்றிக் கொடுப்பார். சென்ற கோடையில் அங்கே குடித்துவிட்டு வந்த அங்கத்தினர் இருவர் சங்கத் திண்ணையிலேயே வாதிடத் தொடங்கினர். ஒருவர் நெசவாளர், அது அசல் பதநீர் என்று சாதித்தார். மற்றவர் திருநின்றவூர்ப் பக்கம் பயிர் செய்பவர். சர்க்கரைத் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கியது என்றார். தீர்ப்பை நம்மிடம் விட்டனர். நம்மால் சொல்ல இயலவில்லை. ஒரு பொருளைத் தினமும் கண்டும், குடித்தும், அதன் உண்மை பொய்யை அறிய முடியாதவராக நாம் இருப்பது ஏன் என்று எண்ணியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். இதில் பதநீரைப் பற்றி மட்டுமின்றிக் கள்ளைப் பற்றியும், பிற நாட்டு மதுவைப் பற்றியும் எழுதுகிறோம். குடியைப் பரிந்துரைப்பதற்காக அன்று. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடையும் இருந்து வருகிறது. ஆயினும், ஒரு மரத்தின் சாறு எந்த எந்த வழியில் போகிறது, எந்த வழியில் யார் கைக்குப் பணம் போகிறது என்பதை அறிய விரும்புகிறவர், வழியில் கள் வருகிறதே என்று கண்ணை மூடிக்கொள்ள முடியாது.

வெப்பமான கடற்கரை நாடுகளில், அந்த அந்த மண்ணுக்கே உரிய பானங்கள் பல தோன்றியுள்ளன. ஐரோப்பாவில் மத்தியதரைக் கடலோரம் திராட்சை நாடு. நமக்கோ பனைநாடு. இராமநாதபுரத்தில் தொடங்கித் தூத்துக்குடி, திருச்செந்தூர், சாத்தான்குளம் வழியாகக் கன்னியாகுமரி வரை ஒரு கரை. பாக் நீரிணைக்கு அப்பால் மன்னார், யாழ்ப்பாணம், தீவுப் பகுதிகள் என மற்றொரு கரை. இடையில் கடல் கிடக்கிறதேயன்றி இரண்டும் ஒரே நாடு என்று சொல்லத்தக்க அளவுக்கு மரமும் தொழிலும் ஒத்திருக்கின்றன. மழை குறைவு. இக்கரையில் செம்மணல் தேரிகள். அக்கரையில் சுண்ணாம்புப் பாறை, ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத தீபகற்பம். வேறு மரம் தயங்கும் நிலத்தில் பனை தழைக்கிறது. யாழ்ப்பாணத்துப் பனையைப் பற்றி வில்லியம் பெர்கூசன் என்பார் 1850ஆம் ஆண்டிலேயே தனி நூல் எழுதினார். பனையின் பயன்கள் எண்ணூற்றொன்று என்று பாடிய ‘தாலவிலாசம்’ என்னும் தமிழ் நூலை அவர் அதில் குறிப்பிடுகிறார்.

சாறு எடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். மற்றவையெல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. பனையில் ஆண் உண்டு, பெண் உண்டு. ஆண் மரத்தை அலகுப்பனை என்றும், பெண் மரத்தைப் பருவப்பனை என்றும் தென்மாவட்டத்தார் வழங்குவர். இரண்டிலும் பாளை வரும். இரண்டிலும் சாறு இறக்கலாம். மரம் வளர்ந்து பாளை விட இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம் என்பதால், இன்று ஏறப்படும் மரம் எவரோ ஒருவர் தம் மக்களுக்காக விட்டுச் சென்றது. மரமேறி காலில் தளைநாரும், இடையில் அரிவாட் பெட்டியுமாக ஏறி, பாளையைக் கடிப்பு என்னும் மரக்கருவியால் நாள்தோறும் இதமாக இடுக்கிப் பதப்படுத்துகிறார். பதம் வந்தபின் நுனியை மிக மெல்லிய சீவலாக அரிவார். தடிப்பாக அரிந்தால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். அரியாது விட்டால் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடும். ஆதலால் ஒரு நாளும் ஓய்வில்லை. பொங்கலானாலும் வீட்டில் கல்யாணமானாலும் காலையும் மாலையும் மரத்தில் ஏறியாக வேண்டும். பாளையின் கீழ்க் கலயத்தைக் கட்டி வைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒரு மரம் நாளொன்றுக்குச் சராசரியாக இரண்டு மூன்று லிட்டர் தரும். பருவம் தை, மாசியில் தொடங்கி ஆடி வரை.

இறங்கும் சாற்றில் நூற்றுக்குப் பத்து முதல் பதின்மூன்று பங்கு வரை சர்க்கரை உண்டு. மரத்திலிருந்து வரும்போது அது கள்ளன்று, பதநீருமன்று. வெறும் இனிப்பு நீர். ஆனால் கலயத்திலும் காற்றிலும் உள்ள நொதிகள் அதைக் காத்துக்கொண்டிருப்பதில்லை. சில மணி நேரத்தில் நுரைக்கத் தொடங்கும். அரை நாளில் கள். நொதித்து முடிந்த கள்ளில் சாராயச் சத்து நூற்றுக்கு நான்கைந்து பங்கு. மறுநாள் புளிப்பு மிகும். இன்னும் சில நாள் வைத்தால் காடி. கழுவாத பழைய கலயத்தில் நேற்றைய நொதி ஒட்டிக்கொண்டிருப்பதால் அதில் இறங்கும் சாறு இன்னும் விரைவாக மாறும்.

இந்த ஓட்டத்தை எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அதற்கேற்ற பொருள் கிடைக்கிறது. பனைநாட்டின் பலவகைச் சரக்குகள் அனைத்தும் ஒரே சாற்றை வெவ்வேறு மணியில் நிறுத்தியவையே. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவினால் நொதிகள் அந்தக் காரத்தில் பெருகமாட்டா. சாறு இனிப்பாகவே நிற்கும். அதுதான் பதநீர். குமரி மாவட்டத்தார் அக்கானி என்பர். யாழ்ப்பாணத்தார் கருப்பநீர் என்பர். அதை விடிலி என்னும் ஓலைக் குடிலில் பெரிய பாத்திரத்திலிட்டுக் காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மூன்று நான்கு மணி நேரம் அனலின் முன் நிற்கவேண்டும். பொங்கி வழியாதிருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிச் சிறிது போடுவர். பாகு பதம் வந்தவுடன் சிரட்டைகளில் ஊற்றிவிட்டால் கருப்பட்டி. யாழ்ப்பாணத்தில் சிறிய ஓலைக் குட்டான்களில் ஊற்றியது பனங்கட்டி. ஏழெட்டு லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி தேறும். அதனினும் நுட்பமானது பனங்கற்கண்டு. சுண்ணாம்பை நீக்கித் தெளியவைத்த பாகில் நூல்களைத் தொங்கவிட்டு ஒரு மாதத்துக்கும் மேலாக அசையாமல் வைத்தால் நூலைப் பற்றிக்கொண்டு கற்கண்டு மணிமணியாக விளையும். (நம் நெசவாளர் நண்பர்கள் வேறு எவ்விதத் தொழிலிலும் நூலுக்கு இப்படி ஒரு வேலை உண்டென்று எண்ணியிருக்கமாட்டார்கள்.)

சுண்ணாம்பு தடவாத வழியில் சென்றால் கள், காடி, வடித்தெடுத்தால் சாராயம். பனைநாட்டின் எல்லைக்கு வெளியிலும் இவ்வழியில் பல கிளைகள் உண்டு. இலங்கையின் தென்மேற்குக் கரையில், களுத்துறைப் பக்கம், தென்னையில் கள் இறக்குவோர் மரத்துக்கு மரம் கயிறு கட்டி அக்கயிற்றின் மேலேயே நடந்து செல்கின்றனர். ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்கும் உழைப்பு மிச்சம். அந்தக் கள்ளை வடித்து மரப்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்தெடுப்பதே அந்நாட்டுச் சாராயம். கோவாவில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரியின் பழத்தைப் பிழிந்து, முதல் வடிப்பை ‘உராக்’ என்றும், மறு வடிப்பைப் ‘பெனி’ என்றும் வழங்குகின்றனர். முந்திரிப் பெனிக்கு 2009இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இவற்றை இவ்வளவோடு விட்டு நம் பனைக்குத் திரும்புவோம்.

பொறுக்க முடியாத சரக்கு

மேலே சொன்னதில் நம் அங்கத்தினர் கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. சாறு காத்திராது. நெல்லை ஒரு மாதம் குதிரில் வைத்து விலை பார்க்கலாம். சேலையை மடித்து வைத்துத் தீபாவளிக்குக் காத்திருக்கலாம். வட்டி ஏறினாலும் சேலை புளித்துவிடாது. பதநீரோ மாலைக்குள் குடிக்கப்பட வேண்டும், அல்லது அடுப்பேற வேண்டும். அடுப்பேற்ற விறகு வேண்டும், பாத்திரம் வேண்டும், காய்ச்சிய கருப்பட்டியைப் பருவம் முடிந்து விலை ஏறும்வரை வைத்திருக்க வீட்டில் அரிசி வேண்டும். இவை இல்லாதவர் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடியாதவர் காத்திருக்கக்கூடியவரிடம் அவர் சொன்ன விலைக்கு விற்றாக வேண்டும்.

மரமேறுபவர் பலருக்கு மரம் சொந்தமன்று. மரத்துக்குரியவருக்குப் பங்கு போகும். ஆவணி முதல் மார்கழி வரை மரத்தில் வேலையில்லை. அந்நாட்களில் வியாபாரி முன்பணம் தருவார். பருவத்தில் கருப்பட்டி அவர் கடைக்கே, அவர் தராசிலேயே செல்லவேண்டும். நூலை முன்கூட்டிக் கொடுத்துச் சேலையைத் தம் விலைக்கு வாங்கும் முதலாளிகளை அறிந்த நெசவாளருக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

சென்னை மாகாணத்தில் 1937 அக்டோபர் மாதம் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் பரவியபோது, கள் இறக்கிவந்த பெருந்தொகையினர் வேலையிழந்தனர். அவர்களுக்கு மாற்று வழியாகச் சுண்ணாம்பிட்ட கலயமும், பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்களும் வந்தன. அதற்கு முன்பே காந்தியடிகள் பனைவெல்லத்தை ஏழைமைக்கு மாற்றாகப் போற்றியிருந்தார். தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா கிராமத் தொழில் இயக்கத்தின் வாயிலாக அதற்காக உழைத்தார். நமக்கு அண்மையிலுள்ள மாதவரத்தில் காதி கிராமத் தொழில் ஆணையத்தின் பனைவெல்ல நிலையம் அமைந்தது இம்முயற்சியின் தொடர்ச்சியே. ஊர்ச் சங்கம், மாவட்டச் சம்மேளனம், அவற்றுக்கு மேல் மாநிலப் பனைவெல்லம் மற்றும் தும்பு விற்பனைக் கூட்டுறவு இணையம் என்று மூன்று படிகள் கட்டப்பட்டன. சில ஊர்களில் சங்கம் நன்றாக நடந்தது. பல ஊர்களில் பெயர்ப் பலகையோடு நின்றது. சங்கத்துக்கு முன்பணம் கொடுக்கும் சக்தி இல்லாத ஊரில் வியாபாரியின் கடையே சங்கமாயிற்று. இது நம் கருத்து. எனினும் தென்மாவட்டங்களுக்குச் சென்று வந்தவர் பலரும் இதையே கூறுகின்றனர்.

அக்கரையில் நிகழ்ந்தது வேறு. யாழ்ப்பாணத்தில் கள் தடை செய்யப்படவில்லை. தவறணை என்று அங்கு வழங்கும் கள்ளுக்கடை நெடுங்காலம் குத்தகைக்காரரின் ஆட்சியில் இருந்தது. சீவல் தொழிலாளர் மரத்தில் ஏறி இறக்கிய கள்ளைக் குத்தகைக்காரர் அளந்து வாங்கி விற்பார். அளவும் அவருடையது, விலையும் அவருடையது. போதாக்குறைக்குத் தொழிலைக் கொண்டு மனிதரைத் தாழ்த்தும் சாதி வழக்கமும் சேர்ந்துகொண்டது. 1972இல் இம்முறையை மாற்றிச் சீவல் தொழிலாளரையே அங்கத்தினராகக் கொண்ட கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் என்பது அவற்றின் பெயர். தவறணை சங்கத்தின் வசமாயிற்று. காலையில் இறக்கியதைச் சங்கத்தில் அளந்து கொடுத்துவிட்டால் விற்கும் கவலை தனி மனிதனுடையதன்று.

ஆனால் ஒரு சிக்கல் எஞ்சியது. அதை அவர்கள் தீர்த்த வகை பயிலத்தக்கது. உச்சப் பருவத்தில் எல்லா மரமும் ஒருசேரச் சுரக்கும். ஊரார் எவ்வளவுதான் குடிப்பர்? மீந்த கள் அன்று மாலையே வீண். அங்கத்தினர் கொண்டுவந்ததை வாங்கமாட்டோம் என்று சங்கம் சொன்னால் அவர் எங்கே போவார்? ஆகவே மீதியைச் சூடேற்றி நொதியை அடக்கிப் போத்தலில் அடைக்கும் முறையும், அதற்கும் மேற்பட்டதை வடிப்பதற்கு வடமராட்சியில் திக்கம் என்னும் ஊரில் ஒரு வடிசாலையும் எழுந்தன. சங்கங்கள் ஒன்றுகூடியதால்தான் அது கைகூடிற்று. 1978இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை பனங்கட்டி, ஒடியல், பனாட்டு, ஓலைப்பொருள் ஆகியவற்றுக்கும் ஆதரவு தந்தது. பின்னர் 1983இல் தொடங்கி 2009 வரை நீண்ட போரில் எண்ணற்ற பனைகள் காவலரண்களுக்காக வெட்டப்பட்டன. எறிகணையால் தலையிழந்து நின்றவை வேறு. திக்கமும் தப்பவில்லை. இருபது ஆண்டு மரத்தை ஒரு நாளில் வெட்டிவிடலாம். ஒரு நாளில் நட்டுவிட முடியாது.

மற்றொரு கடற்கரை

இங்கே வாசகரை மத்தியதரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறோம். தூரம் அதிகமென்று எண்ணவேண்டாம். அக்கடலோர மது நம் கரைக்கு வந்து ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தேறலைப் புறநானூறு குறிப்பிடுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது அந்நாட்டு மதுச் சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. புதுச்சேரியைப் பின்னர் நெடுங்காலம் ஆண்ட பிரெஞ்சுக்காரரின் சொந்த நாட்டிலேயே, தென்கோடியில், ரோன் ஆற்று முகத்திலிருந்து ஸ்பெயின் எல்லை வரை கடலோரமாக நீண்டு கிடக்கும் பகுதி லாங்குதோக். கோடையில் வறட்சி, மேட்டிலிருந்து ஓயாது வீசும் வறண்ட காற்று, கல்லும் சுண்ணாம்புமான மண். நம் பனைநாட்டார் அங்கே போனால் மண்ணைக் கையிலெடுத்துப் பார்த்துத் தலையசைப்பர்.

அங்குள்ள மதுவகைகள் பல. கோர்பியேர் மலைச்சரிவுகளில் கனமான செம்மது. தோ என்னும் உப்பங்கழியின் கரையில், பினே என்ற ஊரைச் சுற்றி, புளிப்புச் சுவையுடைய வெள்ளை மது. அதே கழியில் வளரும் சிப்பியோடு அதை உண்பது வழக்கம். உட்புறத்தில் லிமூவில் நுரைக்கும் மது. 1531ஆம் ஆண்டு மடத்துத் துறவிகள் காலத்திலிருந்தே அது உண்டென்று அவ்வூரார் பெருமை பேசுவர். ஸ்பெயின் எல்லையருகே, கடலை நோக்கி இறங்கும் செங்குத்துச் சரிவுகளில் கல்லடுக்கி வரப்பிட்ட பன்யூல்ஸ் தோட்டங்களில் இனிப்பான செம்மது. பிரோந்திஞான் என்ற கடலோர ஊரில் மணமுள்ள முஸ்கட் திராட்சையிலிருந்து தேன்போன்ற வெண்மது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர்த் திராட்சையும் அந்த முஸ்கட் உறவைச் சேர்ந்ததே.

இந்த இனிப்பு மதுவின் இரகசியம் நமக்கு அந்நியமன்று. திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டிருக்கையில், சர்க்கரை முழுவதும் தீருமுன்னரே, அதில் வலுவான சாராயத்தைச் சேர்த்துவிடுவர். அந்த வலுவில் நொதி மடிந்துவிடும், இனிப்பு நின்றுவிடும். உடன்குடியில் கலயத்தில் சுண்ணாம்பைத் தடவும் கையும், பிரோந்திஞானில் தொட்டியில் சாராயத்தை ஊற்றும் கையும் செய்வது ஒன்றே. இருவரும் சாற்றின் ஓட்டத்தைத் தாம் விரும்பிய இடத்தில் நிறுத்துகின்றனர்.

அந்நாட்டு விவசாயிகள் பெரும்பாலும் சிறு நிலத்தார். 1850களில் இரயில் பாதை பாரிஸை எட்டியபின், நாட்டுத் தொழிலாளர் அனைவர்க்கும் மலிவான செம்மது அனுப்பும் பூமியாக லாங்குதோக் மாறிற்று. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு வேர்ப்பூச்சி தோட்டங்களை அழித்தது. மோன்பெலியே நகரின் பிளான்ஷோன் என்ற அறிஞரும் அவர் தோழரும் 1868இல் அப்பூச்சியை வேரில் கண்டறிந்தனர். அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுப்போட்டே தப்பினர். இடைக்காலத்தில் மது பற்றாதபோது, சர்க்கரையையும் தண்ணீரையும் சேர்த்து மதுவைப் பெருக்கும் பழக்கம் வேரூன்றிவிட்டது. தோட்டங்கள் மீண்டு விளைச்சல் பெருகிய பின்னும் அப்பழக்கம் போகவில்லை. 1900க்குப் பின் விலை சரிந்து, செலவுக்கே கட்டாத நிலை வந்தது.

1907இல் அந்நாடு எழுந்தது. மார்செலன் ஆல்பேர் என்ற சிறு தோட்டக்காரர் தம் ஊராரோடு தொடங்கிய முறையீடு ஞாயிறுதோறும் நகரங்களில் பெருங்கூட்டமாக வளர்ந்தது. அவ்வாண்டு ஜூன் 9ஆம் நாள் மோன்பெலியேயில் கூடியவர் ஐந்து லட்சம் என்பர். ஊராட்சித் தலைவர்கள் பதவி துறந்தனர். நர்போன் நகரில் படை சுட்டதில் சிலர் மாண்டனர். உள்ளூர் இளைஞர்களைக் கொண்ட படைப்பிரிவு ஒன்று கிளர்ந்தது. ஜூன் மாத இறுதியில் சட்டம் வந்தது. ஒவ்வொரு விவசாயியும் தம் விளைச்சலை ஆண்டுதோறும் எழுதிக் கொடுக்கவேண்டும். மது செய்யச் சர்க்கரை வாங்குவதற்கு வரியும் கணக்கும் உண்டு. பிற்காலத்தில் ஆராய்ந்தோர் விலைச் சரிவுக்குக் கலப்படம் ஒன்றே காரணமன்று, மிகை விளைச்சலும் அல்ஜீரியாவிலிருந்து வந்து குவிந்த மதுவும் பெருங்காரணம் என்றனர். அது சரியே. ஆயினும், இன்னாருடைய தோட்டத்தில் இவ்வளவுதான் விளைந்தது என்ற ஏடு ஒன்று இருந்தால், அதற்கு மேல் விற்கப்படுவது எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம் அல்லவா? அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையே அவர்கள் பெற்ற வெற்றி.

அந்தக் கிளர்ச்சிக்கு ஆறாண்டு முன்பே, 1901இல், பெசியே நகரையடுத்த மரோசான் என்ற கிராமத்தில் சிறு விவசாயிகள் கூடி ஒரு கூட்டுறவுச் சங்கம் நிறுவியிருந்தனர். வியாபாரியிடம் செல்லாமல், பாரிஸிலுள்ள தொழிலாளர் பண்டகசாலைச் சங்கங்களுக்கே தம் மதுவை நேராக அனுப்பினர். பின்னர்ப் பொதுவான மதுக்கிடங்கையும் கட்டினர். ஜான் ஜோரேஸ் என்ற பெருந்தலைவர் 1905இல் நேரில் சென்று பார்த்துப் பாராட்டினார். உற்பத்தியாளர் சங்கத்தின் சரக்கை நுகர்வோர் சங்கம் வாங்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு சிறப்பு உண்டு. குடிப்பவருக்கு அது யார் தோட்டத்து மது என்று தெரியும். செய்பவருக்கு யார் குடிக்கிறார் என்று தெரியும். இடையில் தண்ணீர் ஊற்ற இடமில்லை. பின்வந்த பத்தாண்டுகளில் அப்பகுதியெங்கும் இத்தகைய கூட்டுறவுக் கிடங்குகள் பெருகின. மிகை விளைச்சல் என்ற நோய் அவற்றாலும் தீராமல் இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை வாட்டி, பல தோட்டங்கள் மானியம் பெற்றுக் கொடிகளைப் பிடுங்க நேர்ந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மீண்டும் திண்ணைக்கு

இப்போது திண்ணையில் எழுந்த வழக்கைப் பார்ப்போம். சீனியின் விலையைவிடக் கருப்பட்டியின் விலை பல மடங்கு அதிகம். சீனிப் பாகில் சிறிது கருப்பட்டியையோ கழிவுப் பாகையோ சேர்த்துச் சிரட்டையில் ஊற்றினால் நிறமும் வடிவும் கருப்பட்டியே. மரமும் ஏறவேண்டாம், பாளையும் சீவவேண்டாம், மழைக்கும் அஞ்சவேண்டாம். பதநீரோ இன்னும் எளிது. இனிப்புத் தண்ணீரில் சுண்ணாம்பும் மணமும் போதும். லாங்குதோக்கை உலுக்கிய அதே சர்க்கரை மூட்டைதான் நம் தேரிக்காட்டிலும் வந்து இறங்கியிருக்கிறது. கேடு இரு முனையிலும் தாக்குகிறது. வாங்குபவர் ஏமாறுகிறார். போலியின் விலைக்குத் தம் சரக்கை விற்க முடியாத மரமேறி அரிவாளைக் கீழே வைக்கிறார். அவர் மகன் ஏறுவதில்லை. ஏறாத மரம் செங்கற் சூளைக்குப் போகிறது. 2021இல் பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது நன்று. ஆனால் சாறு தராமல் நிற்கும் மரத்தை உத்தரவு எத்தனை நாள் காக்கும்?

வாயிலிட்டுப் பார்த்தால் தெரியும், தண்ணீரில் கரைத்தால் தெரியும், உடைத்தால் உள்ளே பளபளப்பு இருக்கும் என்று பல சோதனைகளைச் சொல்லுவார்கள். நாம் அவற்றை நம்பச் சொல்லமாட்டோம். முழுப் போலியைச் சில வேளை பிடிக்கலாம். பாதிக்குப் பாதி கலந்ததை நாவால் பிடிக்க முடியாது. அந்த இரு அங்கத்தினரும் அன்று தோற்றது இதனால்தான். சரக்கைப் பார்த்து அறிய முடியாதபோது, அது வந்த வழியைப் பார்த்துத்தான் அறியவேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. குறியீடு பெயரைக் காக்கும். மூட்டையைத் திறந்து பார்க்காது. அதைச் செய்ய வேண்டியது உற்பத்தியாளரின் சங்கம். இன்ன ஊரில் எங்கள் அங்கத்தினர் இத்தனை பேர், இந்தப் பருவத்தில் ஏறிய மரங்கள் இத்தனை, இறங்கிய பதநீர் இவ்வளவு, காய்ச்சிய கருப்பட்டி இவ்வளவு என்று ஏடு வைத்திருக்கும் சங்கம், மரோசான்காரர்களைப்போல, தன் சரக்குக்குத் தானே சாட்சி. மரக் கணக்குக்கு மேல் கருப்பட்டி வந்தால் ஏட்டிலேயே தெரிந்துவிடும்.

நெசவாளருக்கு இது தம் வீட்டுச் செய்தி. கைத்தறிக்கென்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒதுக்கிய இரகங்கள் விசைத்தறியில் நெய்யப்பட்டுக் கைத்தறி என்றே விற்கப்படுவதை நாம் அறிவோம். 2006இல் கைத்தறி முத்திரை வந்தது. முத்திரை ஒட்டிய சேலையின் பின்னால் தறி எண்ணிக்கையும் நூல் கணக்கும் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பவர் சங்கத்துக்குள்ளேயே இருந்தாலன்றி அந்த முத்திரையும் ஒரு துண்டுத் துணிதான். நம் சங்கத்தில் தறிவாரியாக நூல் கொடுத்த ஏடும், சேலை வந்த ஏடும் தனித்தனியே இருக்கின்றன. இரண்டையும் ஒரே பக்கத்தில் எதிரெதிரே எழுதும் முறையை அடுத்த கணக்காண்டிலிருந்து தொடங்கலாமா என்பது நிர்வாகக் குழுவின் ஆலோசனையில் உள்ளது. இதுபற்றி நெசவாளர் அங்கத்தினர் தம் கருத்தை எழுத்தில் தரலாம்.

கருப்பட்டியைப் பொறுத்தவரை ஒரு சிறு ஏற்பாடு செய்ய எண்ணியுள்ளோம். மாசி பிறந்தால் தென்மாவட்டங்களில் பாளை சீவத் தொடங்கிவிடுவர். வியாபாரியின் முன்பணம் அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே நம் தேவையை முன்னரே கணக்கிட்டு, மர ஏடு வைத்திருக்கும் ஓர் ஊர்ச் சங்கத்துக்கு நம் பண்டகசாலையிலிருந்து முன்பணம் அனுப்பி, புதுக் கருப்பட்டியை நேரே தருவிக்கலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோ வேண்டும் என்பதை அங்கத்தினர் மார்கழி முடிவதற்குள் செயலாளரிடம் பதிவு செய்துகொள்ளவேண்டும். பதிவுக்குப் பாதித் தொகை முன்கூட்டிச் செலுத்தவேண்டும். திண்ணையில் வாதிட்ட இருவரும் தலா ஐந்து கிலோவுக்குப் பணம் கட்டிவிட்டனர். ஒருவரிடம் இரசீது உள்ளது. மற்றவர் வாங்க மறந்துவிட்டார், வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.